தோட்டப் பட்டணத்தில் பிள்ளைகளோடு பயணம்: முதல் கார் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் ஒரு குடும்பம் முதல் காரை எடுக்கும்போது பெரும்பாலும் வீட்டில் கைக்குழந்தை இருக்கும். இல்லாவிட்டால் வரப்போகிறது என்று பொருள். அதுவரை மோட்டார் சைக்கிளிலேயே சமாளித்தவர்கள், இனி பிள்ளை மழையில் நனையக் கூடாது என்று பழைய சாகாவையோ கைமாறிய மைவியையோ வாங்கிவிடுகிறார்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறார்கள், கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள், உள்ளே முருகன் படம் மாட்டுகிறார்கள். பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்கும் "அம்மா மடி இருக்கிறதே" என்ற பதில் தயாராக இருக்கிறது.

அந்தக் கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. புதிதாகத் தாய் தகப்பன் ஆனவர்களும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் தாத்தாக்களும், வேலை மாறித் தோட்டத்துக்கு வந்திருப்பவர்களும் கீழே உள்ளதை வரிசையாகப் பின்பற்றலாம். மோட்டாரையும் பள்ளி வேனையும் விட்டுவிட்டுக் காரை மட்டும் பேசினால் நம் ஊருக்குப் பாதிதான் பொருந்தும் என்பதால் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

மடிக் கணக்கு

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிலோ மோதி, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 280 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். இருபது கிலோ செம்பனைக் குலைகள் பதினான்கை ஒரே சமயத்தில் உங்கள் கையில் வீசுவதற்குச் சமம் அது. எவ்வளவு பாசமான தாயாக இருந்தாலும் கை விட்டுவிடும். பிள்ளை முன்கண்ணாடியில் போய் மோதும். அம்மா பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய உடலும் பின்னாலேயே வந்து பிள்ளையை நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றிப் போடுவது இன்னும் மோசம். பெல்ட்டுக்கும் பெரியவர் உடலுக்கும் நடுவில் சிக்குவது பிள்ளைதான்.

"பக்கத்துக் கடைக்குத்தானே, தோட்டத்துச் சாலைதானே" என்பது அடுத்த பதில். நம் தோட்டத்துச் சாலை எப்படிப்பட்டது? செம்மண் வழுக்கும். வளைவில் குலை ஏற்றிய லாரி நடுப்பாதையில் வரும். மாடு குறுக்கே நிற்கும், நாய் பாயும். இங்கே 50 கிலோமீட்டர் வேகம் என்பது யாரும் வேகமாக நினைக்காத வேகம். அதோடு, சின்னத் தூரத்துக்குப் போடாத பெல்ட்டை ஈப்போவுக்குப் போகும்போது பிள்ளை போட விடாது. பழக்கம் உருவாவது கடைக்குப் போகும் அந்தச் சின்னப் பயணத்தில்தான்.

சட்டம் சொல்வது

மலேசியாவில் முன் இருக்கைக்குப் பெல்ட் 1979-இலேயே கட்டாயமாகிவிட்டது. பின் இருக்கைக்கு 2009 ஜனவரி 1 முதல். குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை தனியார் வாகனங்களில் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். தொடக்கத்தில் சம்மன் கொடுப்பதைவிட விளக்கிச் சொல்வதில்தான் அரசு கவனம் செலுத்தியது. அதனால் பலர் இதை விருப்பமிருந்தால் செய்யும் காரியமாகவே இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 136 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைக்கு ஏதாவது ஒரு வகைக் குழந்தை இருக்கை தேவை என்பது பொதுவான அளவுகோல். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிலும் சிலர் இதற்குள் வருவார்கள். டாக்சிக்கும் செயலி வழி அழைக்கும் காருக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதால் அந்தக் கார்கள் மோதாமல் இருக்கப் போவதில்லை. முடிந்தால் உங்கள் இருக்கையையே எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் படி: பிள்ளையை அளந்து, பிறகு கடைக்குப் போவது

வயதைச் சொல்லி இருக்கை வாங்காதீர்கள். அரசு கிளினிக்கில் தடுப்பூசி போடும் நாளில் எடையும் உயரமும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் பதியப்படும். அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

இருக்கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதில் வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பக்கத்தில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐக்கிய நாட்டுத் தர எண் இருக்கும். இந்தச் சீட்டு இல்லாத எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம். இணையக் கடைகளில் துணிப் பை போன்ற ஒன்றை 'குழந்தை இருக்கை' என்று படம் போட்டு விற்கிறார்கள். மடித்துப் பையில் வைக்கலாம், விலையும் குறைவு. மோதலில் பிள்ளையைத் தாங்கும் கூடே அதில் இல்லை.

ஆர்44 இருக்கைகள் எடையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. பிறந்தது முதல் 13 கிலோ வரை ஒரு வகை; 9 முதல் 18 கிலோ வரை அடுத்தது; 15 முதல் 25 வரை, 22 முதல் 36 வரை என்று பெரிய பிள்ளைகளுக்கான வகைகள் உண்டு. இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து ஒரே இருக்கையாகவும் விற்கிறார்கள். ஆர்129 புதியது, அது உயரத்தை வைத்துப் பேசுகிறது. குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்பதும் அதன் விதி.

பின்னோக்கி என்றால் குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கும். "பிள்ளைக்கு வேடிக்கை தெரியாதே, கால் இடிக்குமே" என்று தாத்தாக்கள் மனம் வருந்துவார்கள். காரணத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்: கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை. முன்னால் மோதும்போது தலை வீசியெறியப்படும் வேகம் முழுவதும் அந்தக் கழுத்தில் விழும். பின்னோக்கி இருந்தால் இருக்கையின் முதுகு தலை, கழுத்து, தோள் மூன்றையும் சேர்த்து ஏந்திக்கொள்ளும். 15 மாதம் என்பது குறைந்தபட்சம்தான். இருக்கையின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும்வரை திருப்பாமல் விடுவதே நல்லது. கால் மடங்கியிருப்பது பிள்ளைக்குத் தொல்லையே இல்லை. அது வீட்டில் உட்காருவதும் அப்படித்தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கையைத் தளர்வாகக் கட்டுவதைவிட, தரச் சீட்டு உள்ள சில நூறு வெள்ளி இருக்கையை இறுக்கமாகப் பொருத்துவது பல மடங்கு மேல். பணம் இருந்தால் பொருத்த எளிதான இருக்கைக்குக் கொடுங்கள். பஞ்சு மெத்தைக்கும் கோப்பை வைக்கும் இடத்துக்கும் கொடுக்காதீர்கள். வாங்குவதற்கு முன் உங்கள் காரிலேயே வைத்துப் பார்க்கவிடும் கடையைத் தேடுங்கள். சின்னக் கார்களில் பின்னோக்கிய இருக்கை வைத்தால் முன் இருக்கைக்காரரின் முழங்கால் முன்பலகையில் முட்டும். அதை வீட்டுக்கு வந்து கண்டுபிடித்து என்ன பயன்?

இரண்டாம் படி: பொருத்துவது

இதில்தான் அதிகக் குளறுபடி நடக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்தபின், இருக்கையோடு வந்த கையேட்டையும் காரின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இடம் பின் இருக்கை. முன் இருக்கையில் ஏர்பேக் இருந்தால், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. வெடித்து விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள கூட்டை அறையும். வெயில் மறைப்புப் பலகையில் குழந்தைப் படத்தின் மேல் கோடு போட்ட எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது இதைத்தான் சொல்கிறது.

அடுத்து உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் குழந்தை இருக்கையை நேராகக் காரில் மாட்டும் பிடிப்பு, உண்டா என்று பாருங்கள். பின் இருக்கையின் அடிமெத்தையும் முதுகும் சேரும் இடுக்கில் கையை விட்டுத் துழாவினால், ஒருபக்க இருக்கைக்கு இரண்டு இரும்புக் கம்பிகள் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் தட்டுப்படும். புதிய மைவி, சாகாவில் இருக்கும். கான்சில், பழைய ஈஸ்வரா போன்றவற்றில் இருக்காது. இல்லாவிட்டால் கவலை வேண்டாம். காரின் பெல்ட்டால் கட்டும் இருக்கைகளும் அதே சோதனையில் தேறியவைதான். ஐசோஃபிக்ஸ் இருக்கையில் கொக்கி சரியாக மாட்டியதும் காட்டி பச்சையாக மாறும். அதோடு வேலை முடியவில்லை. மேலே ஒரு பட்டையோ, கீழே தரையில் ஊன்றும் காலோ இருக்கும். அதையும் மாட்டாவிட்டால் மோதலில் இருக்கை முன்னால் கவிழும். பச்சை தெரிந்தவுடன் திருப்தியடைந்து, மேல்பட்டையைச் சுருட்டிப் பின்னால் சொருகி வைத்திருக்கும் கார்கள் நிறைய.

பெல்ட்டால் கட்டும் இருக்கையாக இருந்தால் பெல்ட் போகும் வழி நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: பின்னோக்கி வைத்தால் நீலம், முன்னோக்கி வைத்தால் சிவப்பு. பெல்ட்டை அந்த வழியில் விட்டு, முறுக்கு இல்லாமல் தடவி, பக்கிளில் மாட்டுங்கள். இப்போது முழங்காலையோ உள்ளங்கையையோ இருக்கையில் ஊன்றி முழு எடையையும் கொடுத்து அழுத்துங்கள். அழுத்தியபடியே இன்னொரு கையால் பெல்ட்டின் தளர்வை இழுத்தெடுங்கள். இருக்கையில் பெல்ட்டைப் பூட்டும் கவ்வி இருந்தால் அதையும் மூடுங்கள். இதைத் தனியாகச் செய்வது கடினம். ஒருவர் அழுத்தவும் ஒருவர் இழுக்கவும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

சோதனை இதுதான்: பெல்ட் போகும் இடத்தில் இருக்கையைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இருக்கையின் மேல்நுனியைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுகிறதே" என்று சோர்ந்து போக வேண்டாம். பின்னோக்கிய இருக்கையின் மேல்பகுதி சிறிது அசையத்தான் செய்யும்.

பிறந்த குழந்தைக்குச் சாய்வு முக்கியம். மிக நிமிர்ந்திருந்தால் தூக்கத்தில் தலை முன்னால் விழுந்து மூச்சுக்குழல் மடங்கும். இருக்கையின் பக்கத்தில் சாய்வு காட்டும் கோடோ குமிழோ இருக்கும். காரைச் சமதளத்தில் நிறுத்தி அதைப் பாருங்கள். லயத்து வீட்டு முன்னால் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.

பழைய காரில் பின்னால் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கலாம், அல்லது எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலான குழந்தை இருக்கைகளுக்குத் தோளையும் சுற்றும் மூன்று முனைப் பெல்ட் வேண்டும். காரின் உடலில் அதற்கான துளையும் பிடிப்பும் இருந்தால் நல்ல பட்டறையில் போட்டுத் தருவார்கள். பட்டறைக்காரர் தாமாகத் தகட்டில் ஓட்டை போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாம் படி: பிள்ளையை உட்கார வைப்பது

பின்னோக்கிய இருக்கையில் தோள் வார் பிள்ளையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். இடுப்பு வார் வயிற்றில் ஏறாமல் தொடை மடிப்பில் படிய வேண்டும். இறுக்கியபின் தோளெலும்பின் மேல் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலில் வந்தால் இன்னும் தளர்வு. விரல் வழுக்கினால் சரி.

நம் வீடுகளில் கைக்குழந்தையைத் துணியால் சுற்றித்தான் வெளியே எடுப்போம். சுற்றிய துணியோடு வாரை மாட்டினால் மோதலில் துணி நசுங்கி, வாருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இடைவெளி விழும். முதலில் பிள்ளை, பிறகு வார், அதன் மேல் போர்வை. ஏர்கான் குளிரும் என்று பயப்படும் பாட்டிகளுக்கு இந்த வரிசை திருப்தி தரும்.

வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு கொதிக்கும். பிள்ளை தொடையில் பட்டால் கொப்புளம் எழும். பிறகு ஒரு மாதத்துக்கு இருக்கையைக் கண்டாலே கத்தும். காரை நிறுத்தும்போது ஈரம் பிழிந்த வெள்ளைத் துண்டை இருக்கை மேல் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பக்கிளைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

அழுகையும் அத்தையும்

முதல் இரண்டு வாரம் பிள்ளை அழும். பழகாத பிள்ளை எதற்கும் அழும். ஆனால் காருக்குள் இருக்கும் பெரியவர்களின் கண்ணீர்தான் உண்மையான சோதனை.

"ஏம்மா, பிள்ளை தொண்டை வற்றக் கத்துகிறதே, தூக்கேன். இரண்டு நிமிடத்தில் வீடு வந்துவிடும்."

"அத்தை, அந்தப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தச் சொல்கிறேன். நீங்களே தூக்கித் தட்டிக்கொடுங்கள். வண்டி ஓடும்போது வேண்டாம்."

இந்த மாதிரிப் பேச்சு சண்டையாக மாறாமலிருக்க, ஓட்டுபவரும் அம்மாவும் முன்கூட்டியே ஒரே சொல்லில் நிற்க வேண்டும். ஒருமுறை ஓடும் வண்டியில் அவிழ்த்துத் தூக்கிவிட்டால், எவ்வளவு நேரம் அழுதால் காரியம் நடக்கும் என்பதைப் பிள்ளை கணக்காகக் கற்றுக்கொள்ளும். எல்லாருக்கும் பெல்ட் போட்டபின்தான் இன்ஜின் என்ற பழக்கத்தை வைத்துக்கொண்டால் பாட்டிக்கும் சேர்த்தே வேலை முடிந்துவிடும். பின்னால் பெல்ட் போடாத பாட்டி மோதலில் பேரன்மீதுதான் போய் விழுவார் என்பதை மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

நான்காம் படி: இருக்கையை விட்டு வளர்ந்த பிள்ளை

வாரின் எடை வரம்பைத் தாண்டிய பிள்ளைக்கு உயர்த்தும் இருக்கை வேண்டும். பெரியவர்களின் பெல்ட் பெரியவர் எலும்புக்காகச் செய்யப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தை அறுத்துக்கொண்டும் வயிற்றில் ஏறிக்கொண்டும் போகும். கழுத்து உறுத்துகிறதென்று பிள்ளை தோள்பட்டையைக் கக்கத்துக்கு அடியில் நுழைத்துக்கொள்ளும், அல்லது முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். பெல்ட் போட்டிருப்பது போலத் தோன்றும். மேலுடம்புக்குப் பிடிப்பே இருக்காது. கண்ணாடியில் அடிக்கடி பாருங்கள்.

இன்னொரு நம்மூர் விவகாரம், ஆள் கணக்கு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும்போது ஒரே காரில் அக்கா பிள்ளை, தங்கை பிள்ளை எல்லாம் ஏறிவிடும். விதி எளிது: எத்தனை பெல்ட்டோ அத்தனை பேர். ஈப்போ இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டு நடை போகலாம், இல்லையென்றால் பெரியவர்களில் சிலர் பஸ்ஸில் போகலாம். திரும்பும் பயணம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. பிள்ளைகள் தூக்கத்தில் துவண்டிருக்கும், ஓட்டுபவரும் முந்தின நாள் தூங்கியிருக்க மாட்டார். மடியில் படுக்க வைக்கும் ஆசை அதிகமாக வருவதும் ஆபத்து அதிகமாக இருப்பதும் அதே நேரத்தில்தான். தூங்கும் பிள்ளையை எழுப்பிவிட்டாலும் பரவாயில்லை, வாரை மாட்டுங்கள்.

பின்கதவின் விளிம்பில், கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில், ஒரு சிறிய நெம்பு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. கண்ணாடிப் பூட்டும் ஓட்டுநர் கதவில் இருக்கும். இரண்டையும் இன்றே போட்டுவிடுங்கள்.

மோட்டாரில் போக வேண்டியிருந்தால்

கார் வாங்கியபிறகும் மோட்டார் வீட்டை விட்டுப் போவதில்லை. அதிகாலையில் கணவர் வேலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால், பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட மோட்டார்தான். மோட்டாரில் சின்னப் பிள்ளையைப் பாதுகாப்பாக ஏற்றும் முறை ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. கைக்குழந்தையை ஏற்றவே கூடாது. தலைக்கவசத்தின் எடையைத் தாங்கும் கழுத்து அதற்கு இல்லை. பின்னால் உட்கார்ந்து இரண்டு காலையும் மிதியில் ஊன்ற எட்டாத பிள்ளையும் தயாராகவில்லை.

முன்னால் நிற்க வைக்கும் வழக்கம்தான் எல்லாவற்றிலும் கொடியது. மோதினால் ஹேண்டிலுக்கும் ஓட்டுபவர் நெஞ்சுக்கும் நடுவில் பிள்ளை. இன்னொன்று, மோட்டார் நிற்கும்போதே நடப்பது: கடை வாசலில் இன்ஜினை அணைக்காமல், கியரிலேயே விட்டுவிட்டு அப்பா ஒரு கையால் ரொட்டி வாங்குவார். முன்னால் இருக்கும் பிள்ளை ஹேண்டிலைப் பிடித்து விளையாட்டாக முறுக்கும். நம் சின்ன மோட்டார்களுக்குக் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது; கியரில் இருந்தால் முறுக்கியவுடன் பாயும். எங்கே நிறுத்தினாலும் சாவியைத் திருப்பி எடுங்கள், பிள்ளையை இறக்குங்கள், பிறகு ரொட்டியைக் கேளுங்கள்.

பின்னால் ஒருவருக்குத்தான் இடம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அப்பா, நடுவில் பிள்ளை, பின்னால் அம்மா என்று 'சாண்ட்விச்' கட்டுவது பாதுகாப்பு மாதிரித் தோன்றும் ஒரு மாயை.

தலைக்கவசம் பிள்ளையின் தலைக்கு அளந்து வாங்கப்பட வேண்டும். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியபின் தாடைப் பட்டையைப் பூட்டி, கவசத்தைப் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். நெற்றித் தோல் சேர்ந்து நகர வேண்டும். கவசம் மட்டும் சுற்றினால் அது தொப்பிதான். அண்ணனின் பெரிய கவசத்துக்குள் துண்டை வைத்துத் தம்பிக்குப் போடுவதும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, நல்ல தலைக்கவசம் மோட்டார் விபத்தில் மரண ஆபத்தை ஏறத்தாழ 40 விழுக்காடும் தலைக்காய ஆபத்தை ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைக்கிறது. முத்திரை இல்லாத பிளாஸ்டிக் ஓட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பிள்ளைக்குச் சப்பாத்து போடுங்கள். செருப்புக் கால் பின்சக்கரக் கம்பிக்குள் போய்விட்டால் குதிகால் கிழியும். அம்மாவின் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சக்கரம் அதைப் பிடித்தால் கழுத்தைப் பிடித்ததாகும்.

பள்ளி வேன்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பள்ளிகள் பட்டணத்துக்கு மாற்றப்பட்டும் போனபின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பலர் வேனில்தான் வருகிறார்கள். வேன்காரர் பெரும்பாலும் தெரிந்தவர், அண்ணன் முறை. அதனாலேயே கேள்வி கேட்கக் கூச்சம். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான பி.எஸ்.வி. உரிமம் இருக்கிறதா, வேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனைக்குப் போகிறதா என்று முதல் மாதக் கட்டணம் கொடுக்கும்போதே கேளுங்கள். பிறகு ஒரு காலையில் பள்ளி வாசலில் நின்று எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள், உள்ளே எத்தனை இருக்கை என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் பலகை போட்டு உட்கார வைத்திருந்தால் அந்தப் பலகைக்குப் பெல்ட் கிடையாது, மோதலில் பலகையே பிள்ளையை அடிக்கும். வேன்காரருக்கும் பிழைப்பு இருக்கிறது என்பது உண்மை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற பெற்றோர், ஆள் குறைக்கவும் சேர்த்துச் சொல்ல முடியாது. பத்து வெள்ளி கூடக் கொடுத்து இருக்கைக்கு ஒரு பிள்ளை என்று ஒப்புக்கொள்ள வைப்பது நாலைந்து பெற்றோர் சேர்ந்தால் நடக்கும்.

இறங்கும் இடம் பற்றி ஒன்று. பிள்ளை வேனுக்கு முன்னால் ஓடிச் சாலையைக் கடக்கக் கூடாது. வேன் போன பிறகுதான் கடக்க வேண்டும். வீட்டுப் பக்கமே இறக்கிவிடச் சொல்வது அதைவிட நல்லது.

ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டியின் பின்தட்டிலும் லாரியிலும் டிராக்டர் பெட்டியிலும் பிள்ளைகளை ஏற்றுவதைப் பற்றி விளக்க ஒன்றும் இல்லை. ஏற்றாதீர்கள்.

நின்ற காரும் வெயிலும்

ஓடாத காரும் பிள்ளையைக் கொல்லும். மூடிய காருக்குள் வெப்பம் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. பிள்ளையின் உடல் பெரியவர் உடலைவிட வேகமாகச் சூடேறும். காரில் மறந்து விடப்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி நம் நாட்டில் பலமுறை வந்திருக்கிறது. அந்தப் பெற்றோர்களைத் திட்டுவது எளிது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வழக்கமாக அம்மா விடும் பிள்ளையை அன்று அப்பா ஏற்றிக்கொள்கிறார், பிள்ளை பின்னால் தூங்கிவிடுகிறது, கார் பழகிய வழியில் நேராக வேலைக்குப் போய்விடுகிறது.

நல்ல எண்ணத்தால் இதைத் தடுக்க முடியாது, ஏற்பாடு வேண்டும். கைப்பேசியையோ வேலைப் பையையோ பின் இருக்கையில், பிள்ளையின் காலடியில் வையுங்கள்; எடுக்கப் பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம், வழக்கமான நேரத்துக்குப் பிள்ளை வந்து சேராவிட்டால் உடனே இருவருக்கும் கூப்பிடச் சொல்லுங்கள். பதில் வரும்வரை விடாமல் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் நிற்கும் காரைப் பூட்டியே வையுங்கள், சாவியைப் பிள்ளைக்கு எட்டாமல் மாட்டுங்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் காருக்குள் ஏறி மாட்டிக்கொள்வதும் உண்டு.

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கம் யாருடைய காரிலாவது தனியாகப் பிள்ளை இருந்து, அசைவு இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். காத்திருக்க நேரமில்லை என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தூரமான பக்கவாட்டுக் கண்ணாடியை உடையுங்கள். முன்கண்ணாடி எளிதில் உடையாது.

எப்போது நிறுத்தலாம், பழையதை என்ன செய்வது

பிள்ளை முதுகை முழுவதும் இருக்கையில் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் மெத்தை விளிம்பில் மடிய வேண்டும். இடுப்புப் பெல்ட் தொடையின் மேல்பகுதியிலும் தோள்பட்டை தோளின் நடுவிலும் படிய வேண்டும். பயணம் முழுவதும் அப்படியே உட்கார்ந்து வர வேண்டும். எல்லாம் சரியென்றால் உயர்த்தும் இருக்கை தேவையில்லை. ஒன்று தவறினாலும் இன்னும் சில மாதம் பொறுங்கள். வகுப்பு நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால், முதுகில்லாத தாழ்ந்த உயர்த்தியை வாங்கிக்கொடுங்கள், வெளியே தெரியாது.

பழைய இருக்கையை உறவுக்குக் கொடுப்பது நம் வழக்கம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இரண்டு கேள்விகள்: இது எந்த விபத்திலாவது இருந்ததா, அடியில் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டிவிட்டதா? வெயிலில் நின்ற காரிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்த பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருக்கும். கையேடும் எல்லா வார்களும் இருந்து, வரலாறு தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள். மோதலில் மாட்டிய இருக்கையாக இருந்தால், கீறல் தெரியாவிட்டாலும், வார்களைக் கத்தரியால் அறுத்து, கூட்டின் மேல் 'விபத்துப் பட்டது' என்று மையால் எழுதிவிட்டுக் குப்பையில் போடுங்கள். அறுக்காமல் போட்டால் மறுநாள் பழைய இரும்புக் கடையில் விலைக்கு நிற்கும்.